வள்ளல் அண்ணியும் பதினெட்டாம் விதியும்

என் அண்ணிக்கு ழகரம் வராது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அவருக்கு வரும். பேருந்துப் பணிமனையில் இருக்கை தைக்கிறார். ரெக்சினை மேசையில் விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், எந்த மூலை இழுக்கும், எந்த மூலை சுருங்கும் என்று சொல்லிவிடுவார். வளைந்த ஊசியில் நூல் கோக்கும்போது அதைப் பார்ப்பதுகூட இல்லை, ஜன்னலைத்தான் பார்ப்பார். ஆனால் வாழ்க்கை என்று சொல்லச் சொன்னால் வாள்க்கை என்பார். அதையும் எவ்வளவு தெளிவாகச் சொல்வார் என்றால், ஒருவேளை நாம்தான் இத்தனை நாளாகத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோமோ என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

எனக்கோ காதுதான் பிழைப்பு. மருத்துவமனையில் செவித்திறன் சோதிப்பவள் நான். சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு சொல்லாக ஒலிக்க விடுவேன். மலை என்றால் மலை கேட்டதா, மழை கேட்டதா? குறித்துக்கொள்வேன். இருபது வருடமாக இதே வேலை. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டால் ள, தொடப்போய்த் தொடாமல் நின்றுவிட்டால் ழ. அண்ணியின் நாக்குக்கு எதையும் தொடாமல் நிற்கத் தெரியாது. இப்படி இரண்டு பேரை ஒரே வீட்டில் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தினமும் அவர் வெள்ளிக்கிளமை என்பார், எனக்குப் பல் கூசும்.

எங்களைச் சேர்த்துக் கட்டிப்போட்டவர் என் அண்ணன். குடிநீர்த் துறையில் வரைபடம் வரைபவர். எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் ஓடுகிறது என்று நீல மையில் கோடு இழுப்பதுதான் வேலை. கல்யாணமான புதிதில், மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த சமயத்தில், தூக்கிப்போட இருந்த ஒரு பெரிய வரைபடத்தைக் கொண்டுவந்து, அதன் பின்பக்கத்தில் ஒரு ஆட்டத்தை வரைந்தார். இரண்டு மந்திரவாதிகள், இரண்டு கோபுரங்கள், நடுவில் காடும் சதுப்பும் உடைந்த பாலமும். பலகை என்று பேர்தான், வெறும் தாள்; அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் பின்னாலிருக்கும் நீலக் கோடுகள் மெல்லத் தெரியும். மந்திரவாதிகளின் ஆறு என்று அவர் வரைந்ததெல்லாம் எங்கள் தெருவுக்குக் கீழே நிஜமாகவே ஓடும் தண்ணீர். இடது கோபுரத்துக்கு நேர் பின்னால் எங்கள் வீடு ஒரு சின்னக் கட்டமாக இருந்தது. மத்தியான வெயிலில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால், இப்போது நான் கோபுரத்துக்குள் இருக்கிறேனா வீட்டுக்குள் இருக்கிறேனா என்று ஒரு மயக்கம் வரும். எனக்கு அந்த மயக்கம் பிடிக்கும்.

அண்ணியின் மந்திரவாதி ஒரு பழைய நூல் பாபின். என்னுடையது, காதுக்குள் பார்க்கும் கருவியின் முனையில் மாட்டும் கருப்புக் கூம்பு. மந்திரவாதித் தொப்பிக்கு அதைவிடப் பொருத்தமாக எதுவும் கிடைக்காது. ஒவ்வொரு கோபுரத்திலும் ஏழு விளக்கு, அதாவது ஏழு மஞ்சள் சட்டைப் பொத்தான். எதிராளியின் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டால் வெற்றி. மந்திரங்கள் அட்டையில் எழுதியிருக்கும். 'பாய்' என்றால் இரண்டு கட்டம் தாண்டலாம். 'ஒளி' என்றால் மூடுபனிக்குள் ஒளிந்துகொள்ளலாம். இரண்டு மந்திரவாதிகளும் நேருக்கு நேர் நிற்கும்போது 'அழி' என்று சொன்னால் எதிராளியின் விளக்கில் ஒன்று அணையும். ஆனால் அட்டையைக் காட்டினால் மட்டும் போதாது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாயில் என்ன வருகிறதோ அதுதான் மந்திரம், இது முதல் விதி.

முதல் ஆட்டத்திலேயே அண்ணி பாபினை என் எதிரே கொண்டுவந்து நிறுத்தி, கையை ஓங்கி, "அளி" என்றார்.

அண்ணன் சிரித்த சிரிப்பில் பொத்தானெல்லாம் உருண்டு கட்டிலுக்கடியில் போனது. "அளின்னா குடுன்னு அர்த்தம். சொன்னா சொன்னதுதான். உன் விளக்குல ஒண்ணு எடுத்து அவளுக்குக் குடு" என்றார். அன்றைக்கே விதிப்புத்தகத்தில் பதினேழாம் விதி ஏறியது: அளி என்று சொன்னவர் அளிக்க வேண்டும். மந்திர அட்டைகளில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. அந்த விதி முழுக்க முழுக்க ஒரே ஒரு ஆளுக்காக எழுதப்பட்டது. அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நான் அளின்னு சொல்லல, அளின்னு சொன்னேன்" என்று வாதாடினார். அதனால் பதினெட்டாம் விதியும் வந்தது: என்ன சொன்னார் என்பதை எதிராளியின் காதே தீர்மானிக்கும், மேல்முறையீடு கிடையாது.

இந்த ஆட்டத்தை அண்ணி பணிமனைக்கும் கொண்டுபோனார். சாப்பாட்டு நேரத்தில், பழுதுக்கு வந்து நிற்கும் ஏதாவது ஒரு பேருந்தின் இன்ஜின் மூடி மேல், அண்ணி படியெடுத்து வரைந்த பலகையை விரித்து ஆடுவார்கள். வருடத்துக்கு ஒரு முறை போட்டியும் வைத்தார்கள். ஜெயித்தவருக்குப் பரிசு ஒரு பழைய ஹார்ன். ஒரு வருடம் அண்ணி இறுதிப் போட்டி வரைக்கும் போய் டயர் மாட்டுபவரிடம் தோற்றார். டயர்க்காரர் பதினெட்டாம் விதியைப் பிடித்துக்கொண்டு, அண்ணி இருமினால்கூட எனக்கு அளி என்றுதான் கேட்டது என்று சாதித்தாராம். அதிலிருந்து பணிமனையில் அண்ணிக்கு வள்ளல் என்று பெயர். "வள்ளல் இருக்காங்களா?" என்று வீட்டுக்கே போன் வரும்.

நான் மட்டும் அந்த விதியை வைத்துப் பித்தலாட்டம் செய்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, என் காது எனக்குச் சோறு போடுகிற காது. அதை ஒரு பொத்தானுக்காகப் பொய் சொல்ல வைக்க மனம் வரவில்லை. அளி என்றால் அளி என்பேன். அழி என்று அண்ணி சொன்னதே இல்லை என்பதால் அதை அளி என்று மாற்றிச் சொல்லச் சந்தர்ப்பமே வந்ததில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் அண்ணன் இறந்துபோனார். காலையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அதற்குமேல் இதைப்பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வீட்டில் நானும் அண்ணியும் மிஞ்சினோம். அவருக்கு ஐம்பத்தொன்று, எனக்கு நாற்பத்துநாலு. இந்த வயதிலும் அவர் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார், மருத்துவமனையில் என் மேலதிகாரி முன்னாலும். நாத்தனாரும் அண்ணியும் ஒரே அடுப்படியில் என்றால் ஊர் ஒரு கணக்குப் போடுமே, அது முழுப் பொய்யும் இல்லை. ஜன்னல் திறந்திருக்க வேண்டுமா மூடியிருக்க வேண்டுமா என்பதில் எங்களுக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஆனால் சண்டை முற்றும் கட்டத்தில் யாராவது ஒருவர் பலகையை எடுத்துவிடுவோம். "ஆடித் தீத்துக்கலாம்" என்பதுதான் எங்கள் வீட்டு நீதிமன்றம். தோற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. அண்ணிதான் அதிகம் தோற்பார், அளித்து அளித்தே. ஆறு வருடமாக ஜன்னல் மூடியே இருக்கிறது.

இப்படி இருந்தபோதுதான் அந்தக் கடிதம் வந்தது. பணிமனை முகவரிக்கு வந்திருந்தது, பெறுநர் பெயர் கிடையாது. 'பதினாலாம் எண் இருக்கையைத் தைத்தவருக்கு' என்று மட்டும் இருந்தது. கடலோர ஊரிலிருந்து யாரோ ஒரு அம்மா எழுதியிருந்தார். பன்னிரண்டு மணிநேரம் அந்த இருக்கையில் பயணம் செய்தாராம். முதுகுக்குப் பின்னால் ஓடிய தையலை விரலாலேயே தடவிக்கொண்டு வந்தாராம். இப்படி ஒரு தையல் ஒருவர் கையிலிருந்து வருகிறது என்றால் அவர் எங்கள் பட்டறைக்கு வந்தே ஆக வேண்டும், தையல் கூடத்தை அவரிடமே ஒப்படைக்கிறேன், மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் பதில் போட்டாக வேண்டும் என்று எழுதியிருந்தார்.

"என்ன பட்டறை?" என்றேன்.

"பாய் தைக்கிற பட்டறை."

"படுக்கிற பாயா?"

"படகுக்குக் கட்டுற பாய், பாப்பா. காத்துல விரியுமே, அது." அண்ணி கடிதத்தை மடித்து, மறுபடி விரித்தார். "இருபத்தெட்டு வருசமா தைக்கிறேன். தைச்சதுமேல எல்லாரும் உக்காருறாங்க. நிமிந்து பாக்குற மாதிரி ஒண்ணு நான் தைச்சதே இல்ல."

சொல்லிவிட்டு உடனே சிரித்து மழுப்பினார். "நான் எங்க போகப்போறேன், உன்ன விட்டுட்டு? சும்மா படிச்சுக் காட்டினேன்."

அந்தச் 'சும்மா' எனக்குக் கேட்டது. சும்மா என்று சொல்கிறவர்கள் குரல் எந்த இடத்தில் இறங்கும் என்று எனக்குத் தெரியும். நான் என்ன செய்திருக்க வேண்டும்? போங்க அண்ணி என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அந்த வீட்டில் தனியாக, மூடிய ஜன்னலோடு, அண்ணன் வரைந்த கோபுரத்துக்குள் நான் மட்டும் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தேன். அதனால், "கடல் காத்து உங்களுக்கு ஒத்துக்காது" என்றேன். அண்ணிக்கு ஜலதோஷம்கூட வந்ததில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து சாயங்காலத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்தேன். அடுத்த அறையில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு இன்னொரு சத்தம். "அளி. அள்ழி. அழ். அழி." இயந்திரம் நின்றது, மறுபடி ஓடியது. "மழை. கிழமை. அழி." செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். நூற்றுக்கு நூறு சுத்தமான ழ. என் சோதனை அறையில் அதை ஒலிக்க விடலாம், அவ்வளவு சுத்தம். அண்ணன் வருடக்கணக்கில் கெஞ்சியும் வராத எழுத்து.

ஜெயிப்பதற்குத்தான் பழகுகிறார், ஜெயித்துப் போவதற்குத்தான் பழகுகிறார் என்று புரிந்தது. போக விருப்பம் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல், ஒரு எழுத்தைத் தயார் செய்துகொண்டிருக்கிறார். நான் சத்தமில்லாமல் வெளியே போய், தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அப்போதுதான் வருகிறவள் மாதிரி வந்தேன்.

கடைசி ஞாயிறு மத்தியானம் அண்ணியே பலகையை எடுத்து விரித்தார்.

"நாளைக்குப் பதில் போடணும். ஆடித் தீத்துக்கலாமா? நான் ஜெயிச்சா போறேன். நீ ஜெயிச்சா கடுதாசியக் கிளிச்சுடலாம்."

"கிழிச்சுடலாம்" என்றேன் நான், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அதான் சொல்றேன்" என்றார்.

வெயில் பலகை மேல் சாய்ந்து விழுந்தது. காட்டுக்கும் சதுப்புக்கும் அடியில் நீலக் கோடுகள் தெரிந்தன. நான் ஈவு இரக்கமில்லாமல் ஆடினேன். பாலத்தை மறித்தேன், மூடுபனியை என் பக்கமே இழுத்து வைத்துக்கொண்டேன். பதினைந்தே நிமிடத்தில் அண்ணியின் விளக்கில் நான்கு அணைந்தன. அப்போதுதான் பாபின் பாலத்தைச் சுற்றி வந்து என் கூம்புக்கு எதிரே நின்றது.

"அழி" என்றார் அண்ணி.

அறையே ஒரு கணம் வேறு மாதிரி ஆனது. அந்த வீட்டில் அந்தக் குரலில் அந்த எழுத்தை நான் கேட்டதே இல்லை. அண்ணி என்னைப் பார்க்கவில்லை, பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு விளக்கை எடுத்துப் பவுடர் டப்பாவில் போட்டேன். அடுத்த சுற்றில் மறுபடி அழி. அதற்கடுத்ததில் இன்னொன்று. ஒவ்வொன்றும் துல்லியம். எப்போ கத்துக்கிட்டீங்க என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பொத்தான் டப்பாவில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. விளையாட்டு எங்களைக் கேட்காமல் தானே நடப்பதுபோல இருந்தது. காட்டுக்குள் நானே நடக்கிறேன், தூரத்தில் அண்ணியின் கோபுரத்தில் வெளிச்சம் ஒவ்வொன்றாகக் குறைகிறது, என் முதுகுக்குப் பின்னால் என்னுடையதும் குறைகிறது, காலுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று தெரியாது. நிமிர்ந்தபோது அவருக்கு ஒரு விளக்கு, எனக்கு ஒரு விளக்கு.

பாபினும் கூம்பும் இடது கோபுரத்தின் வாசலில், அதாவது எங்கள் வீட்டு வாசலில், நேருக்கு நேர் நின்றன. முறை அண்ணியுடையது. கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் போட்டார். அழி. அதைச் சரியாகச் சொன்னால் என் கடைசி விளக்கு அணையும், அவர் போவார். பழையபடி சொன்னால் அவருடைய கடைசி விளக்கை எனக்குக் கொடுத்துவிட்டுத் தோற்பார், இருப்பார்.

என் கை பலகையின் ஓரத்தைப் பிடித்திருந்தது. நான் பிடித்தது எனக்கே தெரியாது, தாள் கசங்கும் சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. அண்ணியும் அதைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தார்.

"அளி" என்றார்.

நாக்கு மேலண்ணத்தில் நன்றாகப் பட்டு எழுந்தது. தடுமாற்றம் இல்லை, அவசரம் இல்லை. கல்யாணமான முதல் மழைக்காலத்தில் சொன்ன அதே அளி. சொல்லிவிட்டுத் தன் கடைசிப் பொத்தானை எடுத்து என் பக்கம் நகர்த்த ஆரம்பித்தார்.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இவ்வளவு நாள் தெரியாமல் கொடுத்த மனுஷி இன்றைக்குத் தெரிந்தே கொடுக்கிறார். நான் வாங்கிக்கொண்டால் போதும். ஜன்னலும் மூடியிருக்கும், பக்கத்து அறையில் இயந்திரமும் ஓடும், தினமும் எனக்குப் பல் கூசும். எல்லாம் அப்படியே இருக்கும். அந்தப் பெரிய பாய் மட்டும் எங்கேயோ யாரோ ஒருவர் கையில் கோணலாகத் தைக்கப்படும்.

அண்ணியின் கைமேல் என் கையை வைத்து நிறுத்தினேன்.

"என்ன பண்றீங்க? அழின்னு சொல்லிட்டு எதுக்கு எனக்குக் குடுக்குறீங்க?"

"நான் அளின்னுதான் பாப்பா சொன்னேன்."

"அழின்னு சொன்னீங்க. தெளிவா கேட்டுச்சு."

"இல்ல. அ…ளி. அளின்னு…"

"பதினெட்டாம் விதி, அண்ணி. எதிராளி காதுதான். மேல்முறையீடு கிடையாது." என் கடைசி விளக்கை எடுத்து நானே டப்பாவில் போட்டு மூடினேன். "இருபது வருசமா ஊருக்கே காது பாத்துச் சொல்றவ நான். எனக்கே நீங்க சொல்லித் தரவேண்டாம்."

அண்ணி மூக்கை உறிஞ்சினார். "டயர்க்காரர் தேவலாம்" என்றார். எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். தோற்றவள் வாயைத் திறக்கக் கூடாது என்பதால் நானும் எதுவும் சொல்லவில்லை.

போகும்போது பாபினையும் அந்தக் கடைசிப் பொத்தானையும் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப்போனார். பணிமனை மொத்தமும் வழியனுப்ப வந்தது, டயர்க்காரர் அந்தப் பழைய ஹார்னைக் கொண்டுவந்து கொடுத்து, பேருந்து தெருமுனை திரும்பும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். அண்ணி தான் தைத்த இருக்கையிலேயே உட்கார்ந்து போனார். வீட்டுக்கு வந்து ஜன்னலைச் சாத்தப் போனேன். ஏனோ சாத்தவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் ஆடுகிறோம். பலகை என்னிடம், இரண்டு மந்திரவாதிகளையும் நானே நகர்த்துகிறேன். அண்ணிக்குப் பதில் ஒரு புதுப் பாபின் நிற்கிறது. அங்கே ஒரு வாய், இங்கே ஒரு காது, ஆட்டத்துக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. போன வாரம் ஒரு பெரிய பாய் முடிந்ததாம். நாற்பது அடி. அதைக் கட்டி ஏற்றும்போது கரையில் நின்ற எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்களாம். சொல்லும்போது அவர் குரல் எந்த இடத்திலும் இறங்கவில்லை. பின்னால் ஏதோ பெரிய சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அது என்ன சத்தம் அண்ணி?"

"இங்க காலைலேந்து ஒரே மளை, பாப்பா."

எனக்கு நன்றாகவே கேட்டது.

"சரியா கேக்கல அண்ணி" என்றேன். "இன்னொரு தடவை சொல்லுங்க."